டிரம்ஸ் அடிப்பவருக்குப் பார்ட்டிச் சத்தம் ஏன் தாங்கவில்லை? ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் தனி ஒரு ஆள் இல்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலரிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயங்களைச் சேர்த்து ஒருவரின் கதையாக எழுதியிருக்கிறேன். வயது, வேலை, குடும்ப விவரங்கள் யாருடையவையும் அல்ல. ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் மட்டும் கற்பனை எதுவும் கிடையாது.

வந்த காரணம்

31 வயது ஆண். தரவுப் பகுப்பாய்வு வேலை. தனியாக வசிக்கிறார். ஆட்டிசம் என்பது 26 வயதில்தான் உறுதியானது. தங்கையோடு வந்திருந்தார். கையில் குடும்ப மருத்துவரின் கடிதம் இருந்தது: "கூட்டமான இடங்களில் பேனிக் அட்டாக் வருகிறது. படிப்படியாகக் கூட்டத்துக்குப் பழக்கும் பயிற்சி உதவலாம்." இந்த இரண்டு வாக்கியங்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

வந்தவர் பயம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அவருடைய கவலை வேறு. கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே இருக்கும் ஒரே நண்பனின் பிறந்தநாள் பார்ட்டியில், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பாதியில் எழுந்து போய்விட்டார். மறுநாள் நண்பனிடமிருந்து செய்தி வந்தது: "வீட்டில் டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு என் வீட்டுப் பாட்டு தாங்கவில்லையாக்கும்." அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைத்திருந்தார்.

நண்பன் கோபத்தில் எழுதியிருந்தாலும் கேள்வி சரியான கேள்வி. இந்த ஆய்வு முழுக்க அதைச் சுற்றித்தான்.

முதலில் காது

சத்தம் தாங்கவில்லை என்று யார் வந்தாலும் காதைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. காதிரைச்சல், கேட்கும் திறன் குறைவு, ஒற்றைத் தலைவலி, சில மருந்துகள் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். இவருடைய கேட்புப் பரிசோதனை முடிவு முழுக்க இயல்பாக இருந்தது. இப்படி வருபவர்களில் பலரிடமும் இதே நிலைதான். அதைக் காட்டி "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவதும் வழக்கம்.

ஒன்றும் இல்லை என்று அந்தப் பரிசோதனை சொல்லவே இல்லை. அமைதியான அறையில் ஒவ்வொரு ஒலியாகப் போட்டுக் காட்டி, கேட்கிறதா என்று மட்டும் அது கேட்கிறது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எதிரில் நிற்பவர் சொல்வதைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்பது வேறு திறமை. இந்தப் பிரித்தெடுக்கும் வேலையை 1953-இல் காலின் செர்ரி ஆராய்ந்தார். அதற்குக் காக்டெய்ல் பார்ட்டி சிக்கல் என்றே பெயர் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களைக் கொண்டு 2004-இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பின்னணி இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ள அவர்களுக்குப் பேச்சு மற்றவர்களைவிடக் கூடுதல் உரப்பாக வேண்டியிருந்தது. இரைச்சல் சற்று அடங்கும் குட்டி இடைவெளிகளில் வார்த்தையைப் பிடிப்பது குறிப்பாகக் கடினமாக இருந்தது. பார்ட்டியில் எல்லோரும் அந்த இடைவெளிகளை நம்பித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

புலன்கள் சார்ந்த மிகை எதிர்வினையும் குறை எதிர்வினையும் 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேட்டில்தான் ஆட்டிசத்தின் அடையாளப் பட்டியலுக்குள் வந்தன. அதற்கு முந்தைய நான்காம் பதிப்பின் பட்டியலில் அவை இல்லை. இவருடைய நோயறிதல் அறிக்கையில் "சத்தத்துக்குக் கூச்சம் உண்டு" என்று ஒரே ஒரு வரி இருந்தது. எந்தச் சத்தம், எப்போது, யார் எழுப்பியது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த மாலை

அவரும் தங்கையும் சொன்னவற்றை வைத்து அந்த மாலையை மணி மணியாக எழுதிப் பார்த்தோம். இந்த மாதிரி நிகழ்வுகளில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறு இல்லை என்பது என் எண்ணம். கேள்வித்தாள் பிறகு வரலாம்.

அலுவலகத்திலிருந்து நேராகப் போயிருக்கிறார். அன்று பகல் முழுக்கக் கூட்டங்கள். ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் சில பேர்தான். பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "அப்போது ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்" என்றார். தங்கையும் அதையே சொன்னார்.

எட்டு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல். ஒலியை உறிஞ்ச அறையில் ஒன்றுமே இல்லை. பேச்சு கேட்கவில்லை என்று எல்லோரும் குரலை உயர்த்தினார்கள். பாட்டு கேட்கவில்லை என்று யாரோ ஸ்பீக்கரை ஏற்றினார். உடனே குரல்கள் இன்னும் உயர்ந்தன. சத்தத்தில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் விவரித்தார். யாரும் திட்டமிடாமலே ஒரு பார்ட்டி ஏன் மணிக்கு மணி உரக்கப் போகிறது என்பதற்கு அது போதுமான விளக்கம்.

எட்டரைக்குப் பின்னாலிருந்து யாரோ கட்டிப்பிடித்தார். மின்னி மின்னி அணையும் விளக்குச் சரம். மூன்று நான்கு வாசனைத் திரவியங்கள் கலந்த காற்று. இவர் பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பாதியைக் கேட்டும் பாதியை ஊகித்தும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு மட்டும் குறையவில்லை.

"கேக் வெட்டியதும் கிளம்பிவிடலாம்" என்பதுதான் அவர் வைத்திருந்த திட்டம். கேக் எட்டரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். யாரோ வர வேண்டும் என்று அது தள்ளிக்கொண்டே போனது. இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம். ஒன்பதே காலுக்குக் கேக் வந்தது. கூடவே பார்ட்டி பாப்பர் மூன்று நான்கு ஒன்றாக வெடித்தன. எல்லோரும் கத்தினார்கள்.

அதோடு இவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. "வாக்கியம் மனதில் முழுசாக இருந்தது. வாய்க்கு வரவில்லை" என்றார். "என்னடா, முகத்தை இப்படி வைத்திருக்கிறாய்?" என்று நண்பன் கேட்டது காதில் விழுந்தது, பதில் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தவர் எப்போது வீட்டுக்குப் போனார் என்று சரியாக நினைவில்லை. மறுநாள் முழுக்கத் தூக்கம். அதற்கு அடுத்த நாளும் பாத்திரம் வைக்கும் ஓசைகூடக் குத்தியது.

பேனிக் அட்டாக் இல்லையா?

இதை ஷட்டவுன் என்பார்கள். மெல்ட்டவுன் வெளியே வெடிக்கும்: அழுகை, கத்தல், பொருளைத் தள்ளுதல். ஷட்டவுன் உள்ளே மூடிக்கொள்ளும்: பேச்சு போகும், அசைவு குறையும். பார்ப்பவருக்கு அது முறைப்பாகத் தெரியும், திமிராகவும் தெரியும். அதனால் மெல்ட்டவுனுக்குக் கிடைக்கும் பரிதாபம்கூட ஷட்டவுனுக்குக் கிடைப்பதில்லை.

பேனிக் அட்டாக் சில நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போகும். செத்துவிடுவேனோ, பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம் பெரும்பாலும் கூட வரும். இவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏதோ நடந்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை. நடந்துகொண்டிருந்ததே போதுமானதாக இருந்தது. சத்தத்தை விட்டு விலகியதும் தணியத் தொடங்கியது, ஆனால் முழுக்கத் தெளிய இரண்டு நாள் ஆனது.

பெயரை மாற்றுவதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். சிகிச்சையே மாறுகிறது. அஞ்சுகிற இடத்துக்குப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: அஞ்சியது நடக்காது, அது நடக்கவில்லை என்று மூளை கற்றுக்கொள்ளும். இவர் விஷயத்தில் ஒவ்வொரு முறையும் அது நடக்கத்தான் செய்கிறது. ஆட்டிசத்தோடு புலன் மிகை எதிர்வினையும் உள்ள இளையோரை மூளை ஸ்கேன் செய்து பார்த்த ஷுலமைட் கிரீன் குழு, ஆபத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலாவிலும் புலன்களுக்கான பகுதிகளிலும் எதிர்வினை கூடுதலாக இருப்பதையும், திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு அது மற்றவர்களுக்குக் குறைவதுபோல் குறையாததையும் கண்டது. அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற அறிவுரை எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டுமோ, அந்த இடமே இங்கே வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்குப் பதற்றக் கோளாறும் தனியாக இருக்கும். இவருக்கும் அந்த பார்ட்டிக்குப் பிறகு அழைப்பிதழைப் பார்த்தாலே வயிறு இறுகத் தொடங்கியிருந்தது. அது பயம்தான். ஆனால் அது பின்னால் வந்த பயம்.

நண்பனின் கேள்வி

இனி டிரம்ஸ். மூடிய அறையில் டிரம்ஸ் வாசித்தால் 100 டெசிபலைத் தொடுவது சாதாரணம். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். டெசிபல் கணக்கில் பார்த்தால் நண்பன் சொல்வது நியாயம்: பார்ட்டியைவிட உரத்த சத்தத்தில் வாரத்தில் பல மாலைகளைச் சந்தோஷமாகக் கழிக்கிறவர் இவர்.

இந்த முரண்பாட்டை ஆட்டிசம் பற்றிய முதல் ஆய்வுகளில் ஒன்றே கவனித்திருக்கிறது. லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், வேக்யூம் கிளீனர் போன்ற சத்தங்களுக்கு அவர்கள் நடுங்கியதைக் குறிப்பிட்டார். அதே குழந்தைகள் அதே அளவு சத்தத்தைத் தாங்களே எழுப்பும்போது மகிழ்ச்சியாக இருந்ததையும் குறிப்பிட்டார். அவர்களைக் கலைத்தது சத்தம் என்பதைவிட, கேட்காமல் உள்ளே நுழையும் சத்தம். அவர் எழுதியதில் பலவும் பிறகு மறுக்கப்பட்டது. இந்தக் கவனிப்பு மட்டும் எண்பது ஆண்டு கழித்தும் அப்படியே பயன்படுகிறது.

டிரம்ஸில் அடுத்த அடி எப்போது விழும் என்று அவருடைய கைக்குத் தெரியும். தானே எழுப்பும் ஒலிக்கு மூளையின் கேட்புப் பகுதி குறைவாகவே எதிர்வினை காட்டும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அங்கே ஒரே ஒலிமூலம்தான். பிரித்தெடுக்க வேண்டிய பேச்சு இல்லை, பார்த்துச் சிரிக்க வேண்டிய முகம் இல்லை. வேண்டாம் என்றால் குச்சியைக் கீழே வைத்துவிடலாம். பார்ட்டியில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. எதிர்பார்ப்பை வைத்து உலகைச் சமன்படுத்தும் வேலை ஆட்டிசம் உள்ளவர்களிடம் பலவீனமாக இருக்கலாம், அதனால் உலகம் அளவுக்கு மீறி நிஜமாக வந்து மோதுகிறது என்று 2012-இல் பெலிகானோ, பர் இருவரும் ஒரு கருதுகோள் வைத்தார்கள். அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பாப்பர் வெடித்த கணத்தைப் பற்றி இவர் சொன்னதற்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் காது வழியாக உள்ளே எடுத்துக்கொள்ளும் கொள்ளளவே அதிகம் என்று ரெமிங்டன், ஃபேர்னி இருவரும் 2017-இல் காட்டினார்கள். மற்றவர்கள் தவறவிடும் பின்னணி ஒலியை இவர்கள் பிடித்துவிடுகிறார்கள். பார்ட்டியில் பேசப்பட்ட மூன்று வெவ்வேறு உரையாடல்களை இவர் எனக்குக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிச் சொன்னார். அவற்றில் ஒன்றுகூட அவரோடு நடந்ததில்லை.

நடுவே ஒரு வேடிக்கை. டிரம்ஸ் வாசிக்கும்போது எப்போதும் காதுக்கு மேல் பாதுகாப்பு மாட்டிக்கொள்வாராம். பார்ட்டியில் ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். "மரியாதையாக இருக்காதே" என்றார்.

ஏன் யாருக்கும் தெரியவில்லை

"நன்றாகத்தான் இருந்தேன், திடீரென்று விழுந்துவிட்டேன்" என்பது அவர் சொன்னது. அப்படித் திடீரென்று விழவில்லை என்பதைத் தங்கை சொன்னார். "எட்டரையிலிருந்தே அண்ணா ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னான். கட்டைவிரலைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். அப்புறம் பாட்டில் லேபிளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான்."

தன் உணர்வு நிலையை அடையாளம் கண்டு சொல்ல முடியாத தன்மை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. உள்ளே ஏறும் சுமை அவர்களுக்கே தாமதமாகத்தான் தெரியும். அதன் மேல் சிரித்த முகத்தை வைத்து மறைத்தால் வெளியே இருப்பவருக்கும் தெரியாது. நண்பன் பார்த்தது சிரித்துக்கொண்டிருந்த ஒருவன் கேக் வெட்டும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை. அவர் கோபப்பட்டதில் தவறில்லை. புரிதல் குறைபாடு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் 2012-இல் எழுதியது இந்த மாதிரி இடங்களைப் பற்றித்தான்.

செய்து பார்த்தவை

நண்பனை ஒரு அமர்வுக்கு அழைத்தோம். வந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் மற்றதெல்லாம் பாதிப் பலனைக்கூடத் தந்திருக்காது.

முதலில் காதுக்கு. நுரை இயர்பிளக் சரிப்படவில்லை. அது உயர் சுருதி ஒலிகளை அதிகமாக வெட்டும். பேச்சின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. மேலும் தன் குரலே தலைக்குள் முழங்கியது, அதனால் இன்னும் குறைவாகப் பேசினார். இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டி வைத்த பிளக், எல்லாச் சுருதியையும் ஓரளவு சமமாகக் குறைப்பதால், பொருந்தியது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் தொடர்ச்சியான தாழ்ந்த இரைச்சலை நன்றாக அடக்கும், பேச்சையும் திடீர் ஓசையையும் அவ்வளவாக அடக்காது. அதை இடைவேளைக்கு வைத்துக்கொண்டார்.

நாள் முழுக்க மாட்டிக்கொண்டே இருந்தால் என்ன என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இயல்பான காதுள்ளவர்கள் இரண்டு வாரம் தொடர்ந்து இயர்பிளக் அணிந்தபோது அவர்களுக்குச் சத்தம் முன்பைவிட உரக்கத் தோன்றியதாக 2003-இல் ஃபார்ம்பி குழு கண்டது. தேவையான இடத்துக்கு மட்டும் போதும்.

அடுத்தது நேரம். கிளம்பும் நேரத்தைக் கேக்கிலிருந்து பிரித்தோம். ஒன்பது என்றால் ஒன்பது, கேக் வந்தாலும் வராவிட்டாலும். விடைபெறாமல் போகலாம் என்று நண்பனிடம் முன்கூட்டியே ஒப்பந்தம். பேச்சு நின்றுபோனால் காட்ட போனில் ஒரு குறிப்பு: "இப்போது பேச முடியவில்லை. ஆபத்து ஒன்றும் இல்லை. வெளியே போகிறேன். பிறகு எழுதுகிறேன்." பார்ட்டிக்கு முந்தைய பகலைக் காலியாக வைப்பது, மறுநாள் காலையும் அப்படியே.

தங்கை தோளைத் தட்டி நினைவுபடுத்துவது என்ற யோசனை ஒரே தடவையில் செத்துப்போனது. "சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது" என்றார். கைக்கடிகார அதிர்வு அந்த வேலையைச் செய்கிறது.

வீட்டில் ஓர் அமைதி அறை ஒதுக்குவது எல்லோரும் சொல்லும் ஆலோசனை. நண்பன் படுக்கையறையைக் கொடுத்தார். எல்லோருடைய பைகளும் அங்கேதான் இருந்தன. ஆளாளுக்கு உள்ளே வந்து "பரவாயில்லையா? தண்ணீர் வேண்டுமா?" என்று அன்பாகக் கேட்டார்கள். ஒவ்வொரு அன்புக்கும் ஒரு பதில் தேவைப்பட்டது. இப்போது பைகள் வேறு இடத்துக்குப் போய்விட்டன, கதவு மூடியிருந்தால் யாரும் வருவதில்லை.

நண்பன் செய்த மாற்றங்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. தரைக்கு விரிப்பு, ஜன்னலுக்குத் திரை, மின்னும் சரம் அணைப்பு. பாட்டு ஒரு அறையில் மட்டும். பாப்பர் நிறுத்தம். போன் செயலியில் அளந்து பார்த்தார்கள். அந்த எண்களைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஒப்பிட உதவும். ஸ்பீக்கர் அருகே 90-ஐத் தாண்டிய அளவு மாடிப்படியில் 60-களில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்ச வரம்பு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். அந்த வரம்பு காதின் சேதத்தைப் பற்றியது. அதற்குள் அடங்கிய சத்தம் இவருக்குத் தாங்கும் என்று பொருள் இல்லை. "வரம்புக்குள்தானே இருக்கிறது" என்று வாதாடுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் பலித்தது நண்பனின் யோசனை. டிரம்ஸ் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பாட்டை நீயே பார்த்துக்கொள்" என்றார். அடுத்த பார்ட்டியில் ஸ்பீக்கரின் கட்டுப்பாடு இவர் கையில். எந்தப் பாட்டு, எப்போது, எவ்வளவு உரக்க என்பது முழுக்க இவர் முடிவு. அறையில் ஓர் இடமும் கிடைத்தது, சும்மா நின்று சிரிக்க வேண்டிய கட்டாயமும் போனது. அன்று மூன்று மணி நேரம் இருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி இரண்டு தடவை தங்கைதான் கெஞ்ச வேண்டியிருந்ததாம்.

இப்போது

நண்பன் வீட்டுக்குப் போகிறார். அலுவலகத்தின் ஆண்டு விழா போன்ற பெரிய நிகழ்ச்சிகளுக்குப் போவதில்லை. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. எத்தனை பார்ட்டிக்குப் போனார் என்பது எங்கள் இலக்காக இருந்ததே இல்லை, அவர் வேண்டியது அந்த நட்பை. சர்ப்ரைஸ் பார்ட்டி எதற்கும் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

இந்த ஏற்பாடுகளில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பல மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. இன்னொருவருக்குப் பாட்டுப் பொறுப்பே பெரும் சுமையாகலாம், சத்தம் பிரச்சினையாக இல்லாமல் வெளிச்சமோ தொடுகையோ பிரச்சினையாக இருக்கலாம்.

ஒரு சிக்கல் தீரவில்லை. சொல்லாமல் கிளம்பிப் போவது நண்பனின் மனைவிக்கு இன்னும் பிடிக்கவில்லை. அன்றிரவே ஒரு செய்தியாவது அனுப்பட்டும் என்கிறார். கேட்டுக்கொண்டபடி இவர் முயல்கிறார். சில இரவுகளில் முடிகிறது. மற்ற நாட்களில் அடுத்த நாள் மதியம்தான் எழுத வருகிறது, அதற்குள் அவர் கோபித்துக்கொண்டிருப்பார். இதற்கு என்ன செய்யலாம் என்று மூவரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.